ஐந்தாவது வாய்தா

ரூடி எஸ்கபீடோ, எல்வீரா நீட்டிய கோர்ட் கடிதத்தை மூன்று முறை படித்தான். மூன்று முறை படித்தும் 'கட்டாயம்' என்ற சொல் அவன் கண்ணில் படவில்லை. படாததில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிதான். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்வது அவன் வழக்கம்.

"தோன்யா எல்வீரா, இது சம்மன் இல்லையே," என்றான். "நீங்க விரும்பினா வரலாம், விரும்பினா பேசலாம்னுதான் போட்டிருக்கு. கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டிருக்காங்க. கல்யாணத்துக்கெல்லாம் நான் எப்படி லீவு கொடுக்கறது?"

"கல்யாணம்னா சாப்பாடு போடுவாங்க ரூடி. அங்க தண்ணிகூட நாமதான் கொண்டுபோகணும்," என்றாள் எல்வீரா.

ரோப்லேடோ ஊரில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அந்த லாண்டரி. கலிபோர்னியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் பாதி ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்கப்படுகின்றன. எல்வீரா கின்டனீயா பதினோரு வருடமாக அங்கே இஸ்திரி உருளையில் நிற்கிறாள். வயது ஐம்பத்து நான்கு. கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். தளத்தில் உள்ள நாற்பது பெண்களும் அவளைத் 'தோன்யா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு மேலாளனான ரூடியும் அப்படித்தான். வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ரூடி கடிதத்தை நான்காம் முறை பார்த்தபோதுதான் நடுவில் இருந்த ஒரு வரி அவனுக்கு உறைத்தது. நிமிர்ந்தான்.

"பாதிக்கப்பட்டவர்னு உங்க பேரைப் போட்டிருக்கு."

"ஆமா."

"கொள்ளைன்னு போட்டிருக்கு. காயம்னு போட்டிருக்கு." அவன் பார்வை அவளுடைய இடது மணிக்கட்டுக்குப் போயிற்று. "குளியல் தொட்டியில வழுக்கி விழுந்தேன்னு சொன்னீங்களே தோன்யா?"

"சொன்னேன்," என்றாள்.

நடந்தது இதுதான். பிப்ரவரி மாதம் ஒரு நாள் விடிகாலை ஐந்து பத்துக்கு, ஆலிவ் தெரு பஸ் நிறுத்தத்தில், டேரன் ப்ரூயிட் என்கிற முப்பது வயது ஆள் பின்னால் வந்து அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தான். எல்வீரா விடவில்லை. அவன் கையை முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பையில் இருந்தவை இரண்டு பீன்ஸ் பரீட்டோ, கால் நரம்புக்குப் போடும் இறுக்கமான காலுறை ஒரு ஜோடி, பழைய போன் ஒன்று. போனை வைத்தே போலீஸ் அவனை இரண்டு நாளில் பிடித்துவிட்டது. பரீட்டோவைத் தின்றானா இல்லையா என்பது மட்டும் வழக்கில் கடைசிவரை வரவில்லை.

கையில் கட்டோடு வேலைக்கு வந்த அன்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த நிமிஷம் எல்வீராவின் வாயிலிருந்து வந்தது குளியல் தொட்டி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளைக் கேட்டால் கோபம் வரும்; ஆனால் காரணம் ஒன்றும் மர்மமில்லை. 'இருட்டான நிறுத்தத்துல இறங்காதே, சாவியைக் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்க, பின்னாடி பார்த்து நட' என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தவளே அவள்தான். அவளையே ஒருவன் அடித்துப் பிடுங்கிக்கொண்டு போனான் என்றால், நாற்பது பேரும் ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள். அடியைத் தாங்கிக்கொண்டாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாது என்று நினைத்தாள். சரியான முட்டாள்தனம், ஆனால் கெட்டிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம்.

அதன் பிறகு கோர்ட்டுக்கு நான்கு தடவை போய்வந்தாள். முதல் தடவை சாட்சி சொல்லச் சம்மன் வந்தது. ரூடி அதன் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, யாருக்கோ எதற்கோ சாட்சி சொல்லப் போகிறாள் என்று லீவு கொடுத்தான். சாட்சி சொன்ன பிறகு ப்ரூயிட் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். ஒப்புக்கொண்டால் விசாரணை கிடையாது, விசாரணை இல்லையென்றால் சம்மன் கிடையாது. தண்டனை சொல்வதுதான் மிச்சம். அதற்குத்தான் வாய்தா மேல் வாய்தா. ஒரு தடவை அவன் வக்கீலுக்குக் காய்ச்சல். ஒரு தடவை ஏதோ அறிக்கை வந்து சேரவில்லை. ஒரு தடவை நீதிபதிக்கு வேறு வழக்கு நீண்டுவிட்டது. மூன்று தடவையும் எல்வீரா இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள், மூன்று தடவையும் வாயைத் திறக்காமல் திரும்பினாள்.

அந்த மூன்று நாளுக்கும் என்ன செய்தாள் என்றால், லாண்டரியின் போன் எண்ணைக் கூப்பிட்டாள். வேலைக்கு வராதவர்கள் விடியும் முன் கூப்பிட வேண்டிய எண் அது. ஒரு பெண்ணின் பதிவுக் குரல் பேசும்: உடம்பு சரியில்லை என்றால் ஒன்றை அழுத்தவும், சொந்த வேலை என்றால் இரண்டை அழுத்தவும். மூன்று என்று ஒன்று கிடையாது. எல்வீரா இரண்டை அழுத்தினாள். இரண்டை அழுத்தினால் வருகைக் கணக்கில் ஒரு புள்ளி விழும். ஆறு புள்ளி சேர்ந்தால் வேலை போய்விடும், எத்தனை வருடம் நின்றவளாக இருந்தாலும் சரி. குளிர்காலத்துச் சளிக் காய்ச்சலுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. ஆக ஐந்து.

"வியாழக்கிழமை போனீங்கன்னா ஆறு," என்றான் ரூடி. அவன் குரல் இறங்கியிருந்தது. "உங்க விஷயம் எனக்குத் தெரியாது தோன்யா, சத்தியமா வருத்தமாத்தான் இருக்கு. ஆனா புத்தகத்துல 'கோர்ட் லீவு, சம்மன் இருந்தால் மட்டும்'னு இருக்கு. புள்ளியை நான் போடறதில்லை, கம்ப்யூட்டர் போடுது. ஒண்ணு கேக்கட்டுமா? அவன்தான் ஒத்துக்கிட்டானே. நீங்க போய்ப் பேசினா தண்டனை கூடுமா?"

"கூடாது. மூணு வருஷம்னு ரெண்டு வக்கீலும் பேசி முடிச்சாச்சு."

"குறையுமா?"

"குறையாது."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

அந்தக் கேள்வி எல்வீராவுக்கு எரிச்சலாக இருந்தது. "அதை அங்க போய்ச் சொல்லிக்கறேன்," என்று கடிதத்தை வாங்கிக்கொண்டு உருளைக்குத் திரும்பினாள்.

இஸ்திரி உருளை ஒற்றை ஆளுக்கான யந்திரம் இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஈர விரிப்பின் ஒரு முனையை இவள் எடுக்க, இன்னொரு முனையை அவள் எடுக்க, ஒரே உதறலில் சுருக்கம் போக்கி, ஒரே நேரத்தில் பட்டையில் வைக்க வேண்டும். ஒருத்தி அரை விநாடி பிந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய் மடிந்து வெளியே வரும். எல்வீராவுக்கு ஜோடி பாஹுவா ஷியோங். மோங் இனத்துப் பெண், எல்வீராவைவிட எட்டு வயது இளையவள், முழங்கை உருளையின் உயரத்துக்கு வர ஒரு பலகை போட்டு அதன்மேல் நிற்பாள். ஏழு வருடமாக ஜோடி. வருடக்கணக்கில் ஒன்றாக விரிப்பு உதறினால் வரும் உறவுக்கு இரண்டு பாஷையிலும் பெயர் இல்லை. அதனால் எல்வீரா ஊர் வழக்கப்படி பாஹுவாவும் அவளைக் 'கொமாட்ரே' என்று கூப்பிடுவாள். ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை வழியாகச் சம்பந்தப்பட்டவர்கள் சொல்லும் சொல் அது. இவர்களுக்கு நடுவே பிள்ளை எதுவும் கிடையாது, விரிப்புதான் உண்டு. தொட்டிக் கதை பொய் என்று தெரிந்த ஒரே ஆளும் பாஹுவாதான்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, முடியாதுன்னுட்டான்," என்றாள் பாஹுவா, முனையை எடுத்தபடி.

"கல்யாணப் பத்திரிகையாம்."

"மொய் எழுதிட்டு வரேன்னு அவன்கிட்ட சொல்லு." உதறல். "நீ போ கொமாட்ரே."

"போனா ஆறு."

"போகாட்டி?"

நான்கு விரிப்புகள் போயின.

"போகாட்டி நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியும்," என்றாள் பாஹுவா. "வருஷம் முழுக்க இங்க நின்னு என் உயிரை எடுப்பே. அதுக்கு வேலை போனாலே தேவலை. எனக்குத்தான் கஷ்டம், உனக்குப் பதிலா அந்தக் கென்னியைப் போடுவாங்க. அவன் விரிப்பை வைக்கிறதில்லை, மீன் வலை வீசறான்."

எல்வீரா சிரித்துவிட்டாள். சிரித்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது. பாஹுவா சொன்னதில் ஒன்று அவளுக்கு உறுத்தியது. வேலை போனால் போகட்டும் என்பது வீரம்தான். ஆனால் வேலையை ஏன் விட வேண்டும்? தப்புச் செய்தவனுக்கு மூன்று வருடம். அதைப் பார்க்கப் போனவளுக்கு ஆயுளுக்கும் வேலையில்லையா? இதில் எங்கோ யாரோ கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கோபமே தெம்பாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய், அரசு வக்கீல் அலுவலகத்துக்கு போன் போட்டாள். பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக அங்கே ஒரு பெண் இருக்கிறாள், லூசின் பொயாஜியன். கடிதங்களை அனுப்புவது அவள்தான். வாய்தாக்களில் பக்கத்தில் வந்து உட்காருவதும், தொண்டை வறண்டால் மிட்டாய் கொடுப்பதும் அவள்தான்.

"சம்மன் வேணுமா? யார் சொன்னது?" என்றாள் பொயாஜியன். அவள் குரலில் இத்தனை சூடு இருக்கும் என்று எல்வீரா நினைத்ததில்லை. "மேடம், நீங்க அங்க சாட்சியாப் போகலை. உங்களுக்கு நடந்த குத்தம், அதனால போறீங்க. போய் உக்கார உங்களுக்கு உரிமை இருக்கு, பேச உரிமை இருக்கு. அதுக்கு வேலையை விட்டு வரவும் உரிமை இருக்கு. சம்பளம் வராது, வேலை போகாது. முன்னாடியே கடிதத்தைக் காட்டணும், அவ்வளவுதான்."

"காட்டினேனே."

"முந்தின மூணு தடவையும் காட்டினீங்களா?"

"ரெண்டை அழுத்தினேன்," என்றாள் எல்வீரா மெதுவாக.

"எதை அழுத்தினீங்க?"

"ஒண்ணுமில்லை. என் தப்பு. சொல்லுங்க."

"அந்தத் தேதிக் கடிதம் எல்லாம் வெச்சிருக்கீங்கல்ல? அதையும் கொடுங்க. இன்னொண்ணு, இதையெல்லாம் உங்க கம்பெனி வருஷா வருஷம் உங்களுக்கு எழுத்துல கொடுத்தாகணும்."

"கொடுத்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"கையெழுத்து எதுலயாவது போட்டீங்களா?"

எல்வீரா போனைக் காதிலிருந்து எடுத்து, பக்கத்தில் நின்று சாதம் தின்றுகொண்டிருந்த பாஹுவாவைப் பார்த்தாள். "நாம எதுலயாவது கையெழுத்துப் போட்டமா?"

"ஜனவரியில பீட்சா போட்டாங்களே, அன்னிக்கு," என்றாள் பாஹுவா.

ஜனவரியில் ஒரு நாள் ஓய்வறை மேஜையில் காகிதக் கட்டுகளை அடுக்குவார்கள். பாதுகாப்பு விதி, தீ விதி, அந்த விதி, இந்த விதி என்று இருபது தாள். ரூடி நடுவில் நிற்பான். தாளின் ஒருபக்கம் ஆங்கிலம், மறுபக்கம் ஸ்பானிஷ். கையெழுத்துப் போட்டால் ஒரு துண்டு பீட்சா. பீட்சா ஆறிவிடும் என்பதால் யாரும் படிப்பதில்லை. ஒரு நகலை ஆபீஸ் எடுத்துக்கொள்ளும், ஒரு நகலைக் கையில் திணிப்பார்கள். அந்த நகல் எங்கே போகும் என்றால், லாக்கருக்குப் போகும். லாக்கரின் அடித்தகடு துருப்பிடித்தது. மேலே ஏதாவது விரித்தால்தான் பொருளை வைக்க முடியும். நல்ல தடித்த தாள் அது. நாற்பது லாக்கரிலும் அதுதான் விரிப்பு.

இரண்டு பேரும் பாஹுவாவின் லாக்கரைத் திறந்தார்கள். எல்வீராவுடைய நகலை அவள் போன மாதம் ஷூ சேற்றைத் துடைத்துத் தூக்கிப் போட்டிருந்தாள். பாஹுவாவின் நகல்கள்மேல் ரப்பர் செருப்பு, ஒரு சட்டை, வீட்டில் அரைத்த மிளகாய் விழுது ஒரு பாட்டில். பாட்டிலைத் தூக்கியதும் வாசனை கண்ணைக் கரித்தது. எட்டாவது தாளில், எண்ணெய்க் கறை வட்டமாகப் பதிந்த இடத்தில், கொட்டை எழுத்தில் இருந்தது: குற்றத்தால் பாதிக்கப்பட்ட ஊழியர்களின் உரிமைகள்.

எல்வீரா அங்கேயே நின்று படித்தாள். கறைக்குள் இருந்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். வழக்கு நடவடிக்கைகளுக்குப் போகலாம். அதற்காகப் பணிநீக்கமோ தண்டனையோ கூடாது. அதில் சம்மன் என்ற சொல்லே இல்லை. தாளின் அடியில் பாஹுவாவின் கோழிக் கிறுக்கல் கையெழுத்து. அதற்கும் கீழே, 'மேற்கண்டவற்றை ஊழியருக்கு விளக்கிச் சொன்னவர்' என்ற கோட்டின்மேல், வால் நீண்ட அழகான கையெழுத்து ஒன்று இருந்தது. ரூடி எஸ்கபீடோ.

"இதை உனக்கு விளக்கிச் சொன்னானா?" என்று கேட்டாள் எல்வீரா.

"அன்னாசிப்பழம் போட்டது வேணுமா, போடாதது வேணுமான்னு கேட்டான்," என்றாள் பாஹுவா. "அதை நல்லா விளக்கினான்."

இருவரும் சேர்ந்தே ரூடியின் அறைக்குப் போனார்கள். எல்வீரா தாளை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் மூன்று பழைய வாய்தாக் கடிதங்களின் படங்களைப் போனில் திறந்து வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையிருக்கவில்லை.

ரூடி தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு தாளை முகர்ந்தான். "என்ன இது, மிளகாயா?"

"கையெழுத்து உன்னுதுதானே?" என்றாள் பாஹுவா.

"என்னுதுதான்." பிடித்துக்கொள்ள ஒரு சொல் தேடி மறுபடி மேலிருந்து கீழே படித்தான். ஒன்றும் அகப்படவில்லை. தலையைச் சொறிந்தான். "நாப்பது பேர், இருபது தாள். நானும் படிக்கலை தோன்யா. படிச்சேன்னு பொய் சொல்லமாட்டேன்."

"நான் படிச்சேன்னு சொல்லலையே. நானும் கையெழுத்துப் போட்டவதான்," என்றாள் எல்வீரா. "உன்னைக் குத்தம் சொல்ல வரலை. வியாழக்கிழமை நான் போறேன். போனதுக்குப் புள்ளி விழக்கூடாது. பழைய மூணும் எடுத்தாகணும். அதுக்குத்தான் வந்தேன். அப்புறம், இதுல இன்னொரு வரி இருக்கு. விஷயத்தை ரகசியமா வெச்சுக்கணும்னு. அது உனக்கு."

ரூடி தலையாட்டினான். தலைமை ஆபீசுக்குப் போன் போட்டான். இரண்டு பெண்களும் நகரவில்லை. மறுமுனையில் இருந்தவர் ஏதோ கேட்க, அவன், "ஆமாங்க, நாமளே கொடுத்த தாள்தான்... ஆமாங்க, நான்தான் கையெழுத்து," என்றான். அப்புறம் நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். காது சிவந்தது. போனை வைத்துவிட்டு கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் திறந்தான். கம்ப்யூட்டர்தான் புள்ளி போடுகிறது என்று சொன்ன அதே ஆள், ஒரு விரலால் மூன்று புள்ளிகளையும் எடுத்தான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஆனா வியாழக்கிழமை ஆஸ்பத்திரி லோடு வர்ற நாள்," என்றான், பாவமாக. "உருளையில யாரை நிறுத்தறது?"

"கென்னி வேண்டாம்," என்றாள் பாஹுவா உடனே. "நீ வா."

ரூடி பத்து வருடத்துக்கு முன் அழுக்குத் துணி பிரிக்கும் அறையில் தொடங்கியவன். உருளையில் நின்றதே இல்லை. மறுக்க வாயெடுத்தான். மேஜைமேல் இருந்த தன் கையெழுத்து அவனைப் பார்த்தது. "சரி," என்றான்.

வியாழக்கிழமை எல்வீரா தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். இரண்டாவது வரிசையில், அதே இடத்தில் உட்கார்ந்தாள். பொயாஜியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மிட்டாய் கொடுத்தாள். ப்ரூயிட்டைப் பக்கக் கதவு வழியாகக் கொண்டுவந்தார்கள். வந்தவன் எப்போதும்போல மேஜையைப் பார்த்து உட்கார்ந்தான். இது ஐந்தாவது தடவை. ஐந்து தடவையும் எல்வீரா பார்த்தது அவன் பிடரியைத்தான். அவள் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றபோதுகூட அவன் தலை நிமிரவில்லை. அவன் பிடரியில் எத்தனை மடிப்பு என்று கேட்டால் அவளால் சொல்ல முடியும்.

வழக்கைக் கூப்பிட்டதும் அவன் வக்கீல் விட்கோம் எழுந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். "மன்னிக்கணும், ஒரு அறிக்கையை நேத்துதான் பார்த்தேன். இன்னொரு தேதி கொடுத்தா நல்லாருக்கும்," என்றார்.

அரசு வக்கீல் தோளைக் குலுக்கினார், ஆட்சேபம் இல்லை என்பதுபோல. உடனே எல்லோரும் நாட்காட்டியைப் பிரித்தார்கள். பத்தொன்பதாம் தேதி? அன்று விட்கோம் ஹவாயில் இருப்பார், குடும்பத்தோடு விடுமுறை. இருபத்தாறு? அரசு வக்கீலுக்கு வேறு வழக்கு. அடுத்த மாதம் மூன்று? அது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. வக்கீலின் கடற்கரைக்கு ஒரு இடம் இருந்தது. எழுத்தரின் பல் மருத்துவருக்குக்கூட ஒரு இடம் இருந்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மூன்றாம் தேதி என்ன நாள், அவள் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை பஸ் மாறி வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. கேட்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

எல்வீரா பொயாஜியனின் காதருகே குனிந்தாள். "நான் எழுந்திருக்கலாமா?"

"இதுக்குத்தானே அஞ்சு தடவையா காத்துக்கிட்டிருக்கேன்," என்றாள் பொயாஜியன்.

எல்வீரா எழுந்து நின்றாள். பெஞ்சு கிறீச்சிட்டது. நீதிபதி, கண்ணாடி போட்ட வயதான அம்மாள், நிமிர்ந்து பார்த்தார். அரசு வக்கீல் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் அவசரமாக, "பாதிக்கப்பட்டவர் பேச விரும்பறாங்க," என்றார்.

"சொல்லுங்கம்மா."

"என் பேரு எல்வீரா கின்டனீயா. நான் லாண்டரியில வேலை பாக்கறேன். இன்னிக்குச் சட்டப்படி லீவு எடுத்துட்டு வந்திருக்கேன். என் இடத்துல என் மேனேஜர் நிக்கறாரு, அவருக்கு அந்த வேலை தெரியாது. இதுக்கு முன்னாடி மூணு தடவை இதே மாதிரி வந்து சும்மா திரும்பிப் போனேன். நான் தேதி கேக்க வரலை. இன்னிக்குத் தேதி கொடுத்திருந்தீங்க, இன்னிக்கு வந்திருக்கேன். அந்த அறிக்கையைப் படிக்க எவ்வளவு நேரமாகும்னு அவரைக் கேளுங்க. நான் வெளிய உக்காந்திருக்கேன்."

அறையில் யாரோ இருமினார்கள். நீதிபதி விட்கோமைப் பார்த்தார். "எத்தனை பக்கம்?"

விட்கோம் தாளைப் புரட்டினார். "நாலு பக்கம், மேடம்."

"பதினைஞ்சு நிமிஷம்," என்றார் நீதிபதி.

பதினைந்து நிமிஷம் கழித்து எல்வீராவை முன்னால் கூப்பிட்டார்கள். கையில் இரண்டு தாள். பாஹுவாவின் மகள் தட்டச்சுச் செய்து கொடுத்தது. இடது மணிக்கட்டு, குளிரூட்டி ஓடும் இடங்களில் வலிப்பதுபோல, வலித்தது.

"டேரன் ப்ரூயிட்," என்று படித்தாள். "பிப்ரவரியில ஒரு நாள் காலையில அஞ்சு பத்துக்கு, ஆலிவ் தெரு பஸ் ஸ்டாப்புல, நீ என் கையை உடைச்சே. எட்டு வாரம் கட்டு. இன்னும் ஈரத் துணியைத் தூக்கினா வலிக்கும். அது உனக்குத் தெரியும், டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. டாக்டர் எழுதாதது ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் எல்லார்கிட்டயும் குளியல் தொட்டியில விழுந்தேன்னு சொன்னேன். என் சொந்தத் தங்கச்சிகிட்டக்கூட. எட்டு மாசமா உன் குத்தத்தை நான் ஒளிச்சு வெச்சிருந்தேன், ஏதோ நான் செஞ்ச மாதிரி. எனக்கு வெக்கமா இருந்தது. உனக்கு வரவேண்டிய வெக்கம் அது. வழி தப்பி என்கிட்ட வந்துருச்சு. அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன். நான் பேசறதால உனக்கு ஒரு நாள் கூடாது, ஒரு நாள் குறையாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன். நான் தினமும் அந்த ஸ்டாப்புலதான் ஏறப்போறேன். அஞ்சு பத்துக்கு. இடத்தை மாத்திக்க மாட்டேன்."

தாளை மடித்தாள். விட்கோம் தன் கட்சிக்காரனின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். ப்ரூயிட் தலையைக் குனிந்தபடியே, "மன்னிச்சிருங்க மேடம்," என்றான்.

"மேஜைகிட்டயா சொன்னே?" என்றாள் எல்வீரா.

நீதிபதி தடுக்கவில்லை. காவலரும் நகரவில்லை. ப்ரூயிட் நாற்காலியில் மெல்லத் திரும்பினான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் அவன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். கன்னத்தில் அம்மைத் தழும்பு, ஒரு பக்கம் பல் இல்லை. பயந்திருந்தான். அவளுக்கு அவன்மேல் இரக்கமும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. தான் கொஞ்சம் உயரமாகிவிட்டதுபோல மட்டும் இருந்தது. அது நன்றாகவும் இருந்தது.

"மன்னிச்சிருங்க," என்றான் அவளைப் பார்த்து.

"கேட்டுட்டேன்," என்றாள் எல்வீரா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அது வேறு விஷயம், அதை அவள் சௌகரியப்பட்டபோது யோசித்துக்கொள்வாள்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லைங்க. நீங்க மூணு வருஷம்னு சொல்றதை என் காதால கேட்டுக்கறேன்," என்றாள். "கேட்டுட்டு வேலைக்குப் போறேன்."